கான்சஸின் ஃபின்னி கவுண்டிக்குக் குடிபோகிறீர்களா? கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்த நம் மருத்துவர்கள் பலருக்கும் முதல் வேலை பெரிய நகரத்தில் கிடைப்பதில்லை. இரண்டு வருடம் தாய்நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு வேண்டுமென்றால், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 வருடம் முழுநேர வேலை பார்க்க வேண்டும். கான்ராட் 30 என்ற அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம். நாங்கள் தென்மேற்கு கான்சஸுக்கு வந்ததும் இப்படித்தான். வேலைக்கான காகிதங்களை வழக்கறிஞர் பார்த்துக்கொண்டார். மற்றதையெல்லாம், அதாவது வீடு, வண்டி, உரிமம், பள்ளி, ஆஸ்பத்திரி, அரிசி பருப்பு என்று ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டோம். பொறியாளராகவோ ஆசிரியராகவோ வருகிறவர்களுக்கும் இதே கதைதான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தூரம். ஒரு காகிதத்தை வைக்க மறந்தால் பெரிய நகரத்தில் அரைமணி நேரம் போகும், இங்கே ஒரு நாள் போய்விடும். அதனால் எது கவுண்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) முடியும், எதற்கு கான்சஸின் பெரிய நகரமான விச்சிட்டா வரை போக வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

ஃபின்னி கவுண்டியின் பரப்பு சுமார் 1,300 சதுர மைல். கான்சஸின் 105 கவுண்டிகளில் பரப்பளவில் இது இரண்டாவது. கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு நிலம், ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி ஆட்கள் 38,470 பேர்தான். அதில் 28,151 பேர் கார்டன் சிட்டியில், 2,245 பேர் ஹால்கம்பில். நகராட்சி உள்ள ஊர்கள் இந்த இரண்டே. பியர்ஸ்வில், ஃப்ரெண்ட், கால்வெஸ்டா போன்ற பெயர்களை வரைபடத்தில் பார்த்துவிட்டு அங்கே கடைத்தெரு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில வீடுகளும் ஒரு தானியக் கிடங்கும் இருந்தால் பெரிது. மீதி எட்டாயிரம் பேர் பண்ணைகளிலும் சாலையோர வீடுகளிலும் சிதறி இருக்கிறார்கள்.

நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. பார்வைக்குத் தட்டையாகத்தான் தெரியும். ஆர்கன்சா ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதாக வரைபடம் காட்டும், ஆனால் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் இருக்கும். ஆற்றுக்குத் தெற்கே மணல்மேடுகள், சேஜ் புதர்கள். காட்டெருமைகள் மேயும் சரணாலயமும் அந்தப் பக்கம்தான். ஆற்றுக்கு வடக்கே கோதுமை, சோளம், மக்காச்சோளம். ஒரு வருடத்து மழை ஏறக்குறைய 19 அங்குலம்தான். பயிருக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் தண்ணீர் தருவது ஓகலாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகை, அது வருடாவருடம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஊருக்கு வெளியே வீடு வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தூரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள். கார்டன் சிட்டியிலிருந்து ஹால்கம்ப் 7 மைல். வடக்கே ஸ்காட் சிட்டி 36 மைல். கிழக்கே டாட்ஜ் சிட்டி ஏறக்குறைய 55. தெற்கே லிபரல் 65. விச்சிட்டா 200 மைலுக்குச் சற்று மேல், மூன்றரை மணி நேரம். டென்வர் 300க்கு மேல், ஐந்து மணி நேரம். கான்சஸ் சிட்டி இன்னும் தூரம். கவுண்டி வழியாக இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை எதுவும் போவதில்லை. யுஎஸ் 50, யுஎஸ் 83, யுஎஸ் 400 ஆகிய மூன்றும்தான் உயிர்நாடி. வடக்கே ஐ-70ஐத் தொடவே 80 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டும்.

நேர மண்டலத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஃபின்னி மத்திய நேரத்தில் இருக்கிறது, மேற்கே பக்கத்துக் கவுண்டியான கியர்னியும் அப்படியே. அதற்கு அடுத்த ஹாமில்டன் கவுண்டியில் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். அந்தப் பக்கம் மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ நேரம் குறித்தால், எந்த நேரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இங்கே யார் யார் இருக்கிறார்கள்

கிராமப்புற கான்சஸ் என்றதும் வெள்ளையர் மட்டுமே இருப்பார்கள் என்று நினைத்து வருவார்கள், நாங்களும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் வந்தோம். இங்கே நிலவரம் வேறு. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் ஹிஸ்பானிக் குடும்பங்கள். ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் பாதிக்கும் குறைவு. மாட்டிறைச்சி ஆலைதான் இதற்குக் காரணம். ஹால்கம்ப் அருகே உள்ள டைசன் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். அந்த வேலையை நம்பி மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், வியட்நாம், சோமாலியா, மியான்மர் என்று பல நாட்டு மக்கள் வந்து தங்கிவிட்டார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த லோ ஜெர்மன் பேசும் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களையும் கடைகளில் பார்ப்பீர்கள், பெண்கள் நீளப் பாவாடையும் தலைத்துணியும் அணிந்திருப்பார்கள்.

புதிதாக வருகிறவருக்கு இதனால் கிடைக்கும் பலன் பெரிது. அலுவலகத்தில் உங்கள் பெயரை உச்சரிக்கத் தடுமாறினாலும், வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்து யாரும் திகைக்க மாட்டார்கள். பள்ளியிலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு வழக்கமான ஒன்று. பத்து ஸ்பானிஷ் வார்த்தை தெரிந்தாலே கடையிலும் பக்கத்து வீட்டிலும் முகம் மலரும், சிரமம் பார்க்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்பீர்கள். சோமாலியர் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் அங்கிருந்த தொழுகை இடத்தையும் குண்டு வைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட மூன்று பேர் 2016 அக்டோபரில் கைதானார்கள், 2018இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். இதை மறைத்து எழுதுவதில் நியாயமில்லை. அதே சமயம், அன்றாட வாழ்க்கையில் நாங்கள் கண்டது உதவிக்கு வரும் ஊரைத்தான். பனியில் வண்டி சிக்கினால் முன்பின் தெரியாதவர் பிக்கப்பை நிறுத்தி இறங்கி வருவார்.

நம் ஆட்கள் எண்ணிக்கை குறைவு. மருத்துவமனை, கல்லூரி, பொறியியல் வேலை என்று சில இந்தியக் குடும்பங்கள் இருக்கும், மோட்டல் நடத்தும் குஜராத்திகள் இருப்பார்கள். வந்த முதல் வாரமே தேடிப்பிடித்து ஒரு வாட்ஸ்அப் எண்ணாவது வாங்கிவிடுங்கள்.

3. பெரிய ஊரிலிருந்து கிளம்புமுன் முடிக்க வேண்டியவை

அசல் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வண்டியில் உங்கள் கையோடு எடுத்து வாருங்கள். சாமான் லாரியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) அச்சு, விசா ஒப்புதல் கடிதம், எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு, வண்டியின் டைட்டில் (உரிமைச் சான்று), பழைய வீட்டு ஒப்பந்தம், கடைசி இரண்டு மாதச் சம்பளச் சீட்டு. தமிழில் உள்ள சான்றிதழ்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை முன்பே தயார் செய்துவிடுங்கள். இந்த ஊரில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எஸ்எஸ்என் இன்னும் வாங்கவில்லை என்றால், அமெரிக்காவுக்குள் நுழைந்து பத்து நாள் கழித்து விண்ணப்பியுங்கள். அதற்கு முன்னால் போனால் உங்கள் நுழைவுப் பதிவு அவர்கள் கணினியில் ஏறியிருக்காது, திரும்பி வர வேண்டியிருக்கும்.

முகவரி மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கான ஏஆர்-11 படிவத்தை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். கட்டணம் கிடையாது, பத்து நிமிட வேலை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். விண்ணப்பம் ஏதாவது நிலுவையில் இருந்தால் அதற்கும் முகவரியை மாற்றுங்கள். இல்லையென்றால் கைரேகைக்கான அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும். இந்தப் பகுதிக்குக் கைரேகை மையம் விச்சிட்டாவில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அழைத்தால் முந்தைய இரவே போய்த் தங்க வேண்டும், அந்த அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கான்ராட் 30இல் வருகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். விலக்கு கிடைத்த 90 நாளுக்குள் வேலையில் சேர்ந்தாக வேண்டும். அப்புறம், ஒப்பந்தத்தில் எந்த முகவரியில் வேலை என்று எழுதியிருக்கிறதோ அங்கேதான் வேலை பார்க்கலாம். கிராமப்புற மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள் பக்கத்துக் கவுண்டி கிளினிக்குக்குப் போகச் சொல்வது சகஜம். “டாக்டர், வியாழக்கிழமை மட்டும் ஸ்காட் சிட்டியில் பார்க்க முடியுமா?” என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்பார்கள். உங்கள் விசா காகிதத்தில் அந்த இடம் இல்லையென்றால் வழக்கறிஞரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். எச்-1பி வேலை விசாவில் வரும் பொறியாளர்களுக்கும் இது பொருந்தும்.

4. வீடு பிடிப்பது

வாடகை வீடு குறைவு, வரும் ஆட்கள் அதிகம். நல்ல வீடு விளம்பரத்துக்கே வராமல் வாய்மொழியாகவே போய்விடும். அதனால் வேலையில் சேரும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். வேலை தருகிற நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் வாய்விட்டுக் கேளுங்கள், முதல் மாதம் தங்க அவர்களிடமே இடம் இருக்கலாம். இடம்பெயர்வுக்குப் பணம் தருவார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பேச்சுக்கு வலு இருக்காது.

கான்சஸ் சட்டப்படி, தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சாமான்களோடு கூடிய வீட்டுக்கு ஒன்றரை மாதம். நாய் பூனை இருந்தால் கூடுதலாக அரை மாதம் கேட்கலாம். குடிபுகுந்த 5 நாளுக்குள் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நிறையப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை, காலி செய்யும்போது சுவர்க் கீறலுக்கும் கம்பளக் கறைக்கும் பணம் பிடிப்பார்கள். அவர் வராவிட்டாலும் நீங்களே அறை அறையாகப் படம் எடுத்து, பட்டியலோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

வீட்டை ஒரு தடவை பகலிலும் ஒரு தடவை மாலையிலும் பாருங்கள். சுற்றிலும் மாட்டுப் பட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் மாடுகள் நிற்கும். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஈரமான மாலை நேரத்தில் வாடை அதிகம். அதேபோல ஊரின் நடுவே சரக்கு ரயில் போகும், இரவில் ஊதும். தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

மின்சாரம் விஷயத்தில், கார்டன் சிட்டிக்குள் நகராட்சியே விநியோகிக்கிறது. ஹால்கம்பிலும் வெளிப்பகுதிகளிலும் வீட்லண்ட் எலக்ட்ரிக் என்ற கூட்டுறவு நிறுவனம். இரண்டிடமும் அடையாள அட்டையும், கடன் வரலாறு இல்லாதவரிடம் முன்பணமும் கேட்பார்கள்.

ஊருக்கு வெளியே தோட்டம் துரவோடு வீடு வாங்க ஆசை வரும். அங்கே நகராட்சித் தண்ணீரும் சாக்கடையும் கிடையாது, கிணறு, செப்டிக் தொட்டி, புரொப்பேன் வாயு என்று எல்லாம் உங்கள் பொறுப்பு. கிணற்றின் ஆழம் என்ன, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தண்ணீரில் நைட்ரேட் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

5. ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும்

எங்களை அதிகம் அலையவைத்தது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கார்டன் சிட்டிக்குள் கவுண்டி நடத்தும் சிறு பேருந்துகள் உண்டு. என்றாலும் வண்டி இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது.

கான்சஸில் குடியேறிய 90 நாளுக்குள் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் மாற்ற வேண்டும். வேறு அமெரிக்க மாநில உரிமம் இருந்தால் பொதுவாகக் கண் பரிசோதனையோடு முடிந்துவிடும். இந்திய உரிமம் மட்டும் இருந்தால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. ஓட்டுத் தேர்வுக்குக் காப்பீடு உள்ள வண்டியோடு போக வேண்டும். கட்டணம் அதிகமில்லை, முப்பது டாலரைச் சுற்றித்தான் வரும். அட்டை தபாலில்தான் வரும், அதுவரை தற்காலிகக் காகிதம் தருவார்கள். விசாவில் இருப்பவருக்கு உரிமம் ஐ-94 முடியும் தேதியோடு முடிந்துவிடும். விசா நீட்டிப்பு தாமதமானால் உரிமமும் காலாவதியாகும், அந்தத் தேதியைத் தனியாகக் குறித்துவையுங்கள். எச்-4 என்ற குடும்ப விசாவில் வந்து வேலை அனுமதி இல்லாத துணைவருக்கு எஸ்எஸ்என் கிடைக்காது. அதற்குப் பதில் என்ன காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். முகவரிச் சான்றாக இரண்டு காகிதம் கொண்டுபோங்கள், தபால்பெட்டி முகவரி செல்லாது.

உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர்கள் இதற்கு “இல்லை” என்று மட்டுமே சொல்ல வேண்டும். திரையில் வேகமாகத் தட்டிக்கொண்டு போய் இதிலும் “ஆம்” போட்டுவிட்டால், பிற்காலத்தில் கிரீன் கார்டுக்கே உலை வைத்துவிடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

வண்டிப் பதிவு கவுண்டி ட்ரெஷரர் (பொருளாளர்) அலுவலகத்தில் நடக்கும். வேறு மாநில டைட்டில் என்றால் முதலில் வண்டியின் அடையாள எண்ணைச் சரிபார்க்கும் பரிசோதனை. கான்சஸ் ஹைவே பேட்ரோல் இதைச் செய்கிறது, கட்டணம் சுமார் 20 டாலர். வண்டியோடு நேரில் போக வேண்டும், எந்த நாள், எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொண்டு போங்கள். பரிசோதனைச் சீட்டு, டைட்டில், கான்சஸ் காப்பீட்டுச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றோடு ட்ரெஷரர் அலுவலகம் போகலாம். கடனில் உள்ள வண்டி என்றால் டைட்டில் வங்கியிடம் இருக்கும், வங்கி அதை அனுப்பவே வாரக்கணக்காகும். வந்த முதல் வாரமே வங்கிக்கு எழுதுங்கள்.

செலவு விஷயத்தில் இங்கே பலரும் அதிர்ந்துபோவார்கள். கான்சஸில் பதிவுக் கட்டணத்தோடு வண்டியின் மதிப்புக்கு ஏற்ற சொத்து வரியையும் சேர்த்து வாங்குவார்கள். பழைய வண்டிக்குச் சிறு தொகைதான், புது வண்டிக்குச் சில நூறு டாலர் ஆகலாம். தனியாரிடம் வாங்கிய வண்டி என்றால் விற்பனை வரியும் அங்கேயே கட்ட வேண்டும். காப்பீட்டில் கான்சஸ் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது, விபத்து யார் மேல் தவறானாலும் உங்கள் சிகிச்சைச் செலவை உங்கள் காப்பீடே முதலில் தரும் பிரிவு அதில் கட்டாயம். பழைய மாநிலக் காப்பீட்டை வைத்து ஓட்டாதீர்கள்.

நம் பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். இங்கே வண்டிப் பதிவு புதுப்பிக்கும் மாதத்தைக் குடும்பப் பெயரின் முதல் ஆங்கில எழுத்து தீர்மானிக்கிறது. ஏ என்றால் பிப்ரவரி, பி என்றால் மார்ச், எம் என்றால் ஆகஸ்ட், எஸ் என்றால் அக்டோபர், இப்படிப் போகும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயரிடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அப்பா பெயர் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருக்கும். எஸ்எஸ்என் அட்டையில் ஒரு மாதிரி, டைட்டிலில் ஒரு மாதிரி, காப்பீட்டில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் கவுண்டரில் இருப்பவர் நிறுத்திவிடுவார். எழுத்துக்கூட்டல் உட்பட எல்லாம் பாஸ்போர்ட்டின்படி ஒரே மாதிரி இருக்கட்டும். மாற்ற வேண்டிய வரிசை இது: முதலில் எஸ்எஸ்என், அடுத்து உரிமம், அப்புறம் காப்பீடு, கடைசியில் வண்டிப் பதிவு.

6. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது

கார்டன் சிட்டி பள்ளிகள் யுஎஸ்டி 457 என்ற பள்ளி மாவட்டத்தில், ஹால்கம்ப் பள்ளிகள் யுஎஸ்டி 363இல். இரண்டும் தனித்தனி நிர்வாகம், எல்லைகள் ஊர் எல்லையோடு ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். வீட்டு ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த முகவரி எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று கேட்டுவிடுங்கள். பள்ளி ஆகஸ்ட் நடுவில் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 31க்குள் 5 வயது முடிந்த பிள்ளையைத்தான் மழலையர் வகுப்பில் சேர்ப்பார்கள், ஒரு நாள் குறைந்தாலும் அடுத்த வருடம்தான்.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முகவரிச் சான்று வேண்டும். கான்சஸ் பள்ளியில் முதன்முறையாகச் சேரும் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உடல்நலப் பரிசோதனைச் சான்றும் தேவை. இந்தியத் தடுப்பூசி அட்டையில் சில ஊசிகள் விடுபட்டிருக்கும், அவற்றைக் கவுண்டி சுகாதாரத் துறையில் போட்டுக்கொள்ளலாம். ஜூலைக் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் படையெடுப்பார்கள், ஜூனிலேயே முடித்துவிடுங்கள். அரசுப் பள்ளி இலவசம் என்றாலும் பாடநூலுக்கும் செயல்பாடுகளுக்கும் சிறு கட்டணம் உண்டு.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்விக்குத் தமிழ் என்று எழுதினால், பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். பயந்துகொண்டு ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லை. தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதல் ஆங்கில உதவி கிடைக்கும், தேவைப்படாத பிள்ளை தேர்விலேயே தேறிவிடும். பெரியவர்களுக்கும் கார்டன் சிட்டி கம்யூனிட்டி கல்லூரியில் ஆங்கில வகுப்புகள் உண்டு.

7. மருத்துவம்

கார்டன் சிட்டியில் செயின்ட் கேத்தரின் மருத்துவமனை இருக்கிறது. சுற்றியுள்ள பல கவுண்டிகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. பிரசவம், அறுவைச் சிகிச்சை, அவசர சிகிச்சை எல்லாம் உண்டு. சில நுண்பிரிவு மருத்துவர்களைப் பார்க்க விச்சிட்டாவுக்கோ டென்வருக்கோ அனுப்புவார்கள். காப்பீடு எடுக்கும்போது அந்த ஊர் மருத்துவமனைகளும் உங்கள் திட்டத்தின் வலையமைப்பில் (நெட்வொர்க்) இருக்கின்றனவா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம்.

நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ அனுப்புவார்கள். 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள கூட்டரசுச் சட்டப்படி, காப்பீடு உள்ளவரிடம் வலையமைப்பில் இல்லாத விமான ஆம்புலன்ஸ் நிறுவனம் மீதித் தொகைக்கு எதிர்பாராத பில் போட முடியாது. சாலை ஆம்புலன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காப்பீடு இல்லாத பெற்றோர் வந்து தங்கினால் பயணக் காப்பீடு எடுக்காமல் விடாதீர்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் ஜெனசிஸ் ஃபேமிலி ஹெல்த் என்ற கிளினிக்கும் ஊரில் இருக்கிறது.

8. வானிலையும் சாலையும்

கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், குளிர்காலத்தில் மைனஸ் 15க்கும் கீழே போகும். இவற்றைவிடக் காற்றுதான் பழக நாளாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை சூறாவளிக் காலம். வீட்டில் நிலவறை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஜன்னல் இல்லாத உள் அறை எது என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எச்சரிக்கைகளை டாட்ஜ் சிட்டியில் உள்ள தேசிய வானிலை அலுவலகம் வெளியிடும், கைபேசியில் அதை அணைத்துவைக்காதீர்கள். ஆலங்கட்டி மழை வண்டியின் கண்ணாடியை நொறுக்கிவிடும், காப்பீட்டில் அந்தப் பிரிவைச் சேருங்கள். வீட்டுக் காப்பீட்டில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு வீட்டு மதிப்பின் சதவீதமாக இருக்கும், கையெழுத்துக்கு முன் அந்தத் தொகையை டாலரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பனிக்காலத்தில் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். கிளம்புமுன் சாலை நிலவரம் சொல்லும் கான்டிரைவ் தளத்தைப் பாருங்கள். பெட்ரோல் அரைத்தொட்டிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். வண்டியில் கம்பளி, தண்ணீர், டார்ச், மண்வாரி, கைபேசி சார்ஜர் எப்போதும் இருக்கட்டும். அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும். ஜூனில் கோதுமை அறுவடையின்போது சாலை அகலத்துக்கு இயந்திரங்கள் போகும், பொறுமையாகப் பின்னால் போங்கள்.

9. சமையல் சாமான்

வால்மார்ட், சாம்ஸ் கிளப், டில்லன்ஸ் மூன்றும் ஊரிலேயே இருக்கின்றன. மெக்சிகன் கடைகளில் கொத்தமல்லி, பச்சைமிளகாய், வாழைக்காய், புளி கிடைக்கும். ஆசியக் கடையில் அரிசி மூட்டை, தேங்காய்ப்பால், மீன். ஹலால் ஆட்டிறைச்சிக்கு சோமாலியர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, நல்லெண்ணெய் போன்றவற்றை விச்சிட்டாவுக்கோ டென்வருக்கோ போகும்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் நடைமுறை. கறிவேப்பிலையைக் கழுவி நன்றாக ஈரம் உலர்த்தி உறைபெட்டியில் வைத்தால் வாசம் கொஞ்சம் குறைந்தாலும் தாளிக்க உதவும். 2025 ஜனவரி முதல் மளிகைப் பொருளுக்கு மாநில விற்பனை வரி இல்லை, உள்ளூர் வரி மட்டும் உண்டு. கோயிலுக்கு விச்சிட்டா, இல்லையென்றால் கான்சஸ் சிட்டியை ஒட்டிய ஷானி.

பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை போக ஊருக்குள்ளேயே லீ ரிச்சர்ட்சன் உயிரியல் பூங்கா இருக்கிறது. நடந்து சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை.

10. ஊருக்குப் போகவும் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும்

கார்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து டாலஸுக்குச் சிறு விமானம் இருக்கிறது. அங்கிருந்து வளைகுடா வழியாகச் சென்னை போகலாம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், காற்றினாலோ பனியினாலோ முதல் விமானம் ரத்தானால் அடுத்த டிக்கெட்டின் பணம் போய்விடும். சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடும் ஆம்ட்ராக்கின் சவுத்வெஸ்ட் சீஃப் ரயிலும் இங்கே நிற்கும், ஒவ்வொரு திசையிலும் நாளுக்கு ஒன்று.

இந்திய பாஸ்போர்ட் வேலைகளுக்குக் கான்சஸ் ஹூஸ்டன் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. பெரும்பாலானவற்றைத் தபாலிலேயே முடிக்கலாம். நோட்டரி கையெழுத்து பல படிவங்களுக்குத் தேவைப்படும், அதை உள்ளூர் வங்கியிலேயே வாங்கிவிடலாம். பாஸ்போர்ட் காலாவதியாவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பியுங்கள். அனுப்பும் உறைக்கும் திரும்பி வரும் உறைக்கும் கண்காணிப்பு எண் வாங்கி, அனுப்புமுன் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாத வாரங்களில் உரிமம் புதுப்பிக்கும் தேதியோ வெளிநாட்டுப் பயணமோ வராதபடி பார்த்துக்கொண்டு அனுப்புங்கள்.